தேர் வடம் பிடிக்க இத்தனை கை. இந்தக் கயிற்றைப் பிடிக்க?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சபிறகு எங்களைத் திட்டணும்னா தாராளமா திட்டலாம். பாதியில நிறுத்திட்டுத் திட்டாதீங்க, அவ்வளவுதான்.

போன வாரம் நம்ம கோயில் புலனக் குழுவில் ஒரு படம் சுற்றியது. நம்ம தாமானைச் சேர்ந்த ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் வாசலில் நிற்கிற படம். யார் எடுத்தார்களோ தெரியாது. பத்து நிமிஷத்தில் கருத்துகள் குவிந்துவிட்டன. "அரிசி மூட்டைக்குப் போயிட்டாங்க." "எல்லாம் வெளிநாட்டுக் காசு." "இனிமே கோயில் பக்கமே விடக்கூடாது." சமய வகுப்பையும் அன்னதானத்தையும் பார்த்துக்கொள்கிற எங்கள் தொண்டர் குழுவிலும் இரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். இதை ஒளிக்க நாங்கள் விரும்பவில்லை.

அப்புறம் எங்களில் ஒருவர் கேட்டார்: "அது நம்ம மாலைக்கார அம்மாவோட மக குடும்பம் இல்ல?"

ஆமாம். அவர்களேதான்.

அந்த அம்மாவைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். பதினைந்து வருஷத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைதோறும் அம்பாளுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர். கூலி வாங்கியதே இல்லை. பூவுக்கு மட்டும் காசு வாங்குவார், சில வாரம் அதுவும் வாங்க மாட்டார். சர்க்கரை நோயில் காலில் புண் வந்து பெரியாஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்திருந்தார். மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் பக்கத்தில் ஆள் கிடையாது.

அந்த ஏழு வாரத்தில் நம்ம கோயிலிலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரே ஒருவர். அவரும் போனது, நவராத்திரிக்கு யாரை வைத்து மாலை கட்டுவது என்று கேட்க.

புதன்கிழமைதோறும் போனது பக்கத்துத் தாமான் சர்ச்சைச் சேர்ந்த ஒரு அக்கா. பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோவார். தலை வாரிவிடுவார். டாக்டர் சொன்னதை மகளுக்குப் போன் போட்டுச் சொல்வார். அம்மா தவறியபோது குழுவில் நாம் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பிப் படம் போட்டோம். கருமாதி முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு போனது அந்த அக்காதான்.

இப்ப சொல்லுங்க. அந்தக் குடும்பத்தை அவங்க இழுத்தாங்களா, நாம கையை விட்டோமா?

எங்களில் இரண்டு பேருக்கு அந்த அக்காவை முன்பே தெரியும். பாசார் மாலாமில் பார்த்தபோது நேராகவே கேட்டுவிட்டோம். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுக்கெல்லாம் உங்களுக்குச் சம்பளம் எங்கேருந்து வருது? அமெரிக்காவா?"

அவர் சிரித்துவிட்டார். "சம்பளமா? பெட்ரோல் காசு வருது தம்பி. எங்க ஜெபக் குழுவுல பதினாலு குடும்பம். மாசம் பத்து வெள்ளி, இருபது வெள்ளின்னு உறையில போட்டுத் தருவாங்க. ஒருத்தர் லாரி ஓட்டுறார். ஒருத்தங்க பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்குறாங்க. அவங்களால ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, அதனால என்னை அனுப்புறாங்க."

அதனால என்னை அனுப்புறாங்க. இந்த ஒரு வாக்கியம் எங்களைப் பல நாள் தூங்கவிடவில்லை. நம்ம கோயிலில் மாசம் இருபது வெள்ளி கொடுத்து, தனக்குப் பதிலா ஒருத்தரை அனுப்பியவர் யாராவது இருக்கிறோமா?

"வெளிநாட்டுக் காசு" என்று நாம் சொல்லும்போது, யாரோ ஒரு ராஜாவும் நாலு கோடீஸ்வரர்களும் செக் எழுதிக் கொடுத்ததுபோல நினைத்துக்கொள்கிறோம். பெரிய காசும் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததே டென்மார்க் அரசர் அனுப்பித்தான். ஆனால் ராஜா காசு மட்டும் இருந்திருந்தால் அந்த வேலை ஒரு ராஜா ஆயுளோடு முடிந்திருக்கும். நீடித்து ஓட வைத்தது சாமானியர்களின் காசு. கொஞ்சம் வரலாறு சொல்கிறோம், கேளுங்கள்.

1792 அக்டோபர் 2. இங்கிலாந்தில் கெட்டரிங் என்கிற சிற்றூர். ஒரு விதவையின் வீட்டில் சின்னச் சின்னச் சபைகளின் போதகர்கள் கூடினார்கள். யாரும் வசதியானவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில், தான் இவ்வளவு தருகிறேன் என்று எழுதி மூக்குப்பொடி டப்பாவுக்குள் போட்டார்கள். மொத்தம் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதுவும் கையில் இருந்த காசு இல்லை, தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த வாக்கு. அதை நம்பித்தான் அடுத்த வருஷம் வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்து இறங்கினார். அவர் செருப்புத் தைத்துப் பிழைத்தவர்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் என்கிற போதகர் இந்த வேலையை ஒரு ஆழமான சுரங்கத்துக்கு ஒப்பிட்டார். கேரி உள்ளே இறங்குகிறார், மேலே நிற்கிற நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஃபுல்லர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் 1815ல் சாகும்வரை ஊர் ஊராகப் போய்க் காசு கேட்டார். பிடித்த கயிற்றை விடவே இல்லை.

1844ல் லண்டன் மிஷனரி சங்கத்துக்காக அந்த நாட்டுச் சிறுபிள்ளைகள் காசு சேர்த்து, 6,000 பவுனுக்கு மேல் திரட்டி, பசிபிக் தீவுகளுக்குப் போய்வர ஒரு கப்பலையே வாங்கிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள்! கப்பலுக்கு 'ஜான் வில்லியம்ஸ்' என்று பெயர்.

1869ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மெதடிஸ்ட் பெண்கள் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வருஷச் சந்தா ஒரு டாலர். அதை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? வாரத்துக்கு இரண்டு சென்ட், கூடவே ஒரு பிரார்த்தனை. அந்தக் காலத்தில் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தால் ஒரு பெண்ணால் கொடுக்க முடிந்த தொகை அது. அந்தச் சில்லறை எதுவரைக்கும் வந்தது என்றால், நம்ம பக்கத்துச் சிங்கப்பூர் வரைக்கும் வந்தது. அந்தச் சங்கத்தின் சார்பில் வந்த சோபியா பிளாக்மோர் 1887ல் அங்கே ஒரு பெண்கள் பள்ளி தொடங்கினார். அதன் முதல் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. ஒன்பது பெண்பிள்ளைகள். இன்று அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று பெரிய பெயரோடு நிற்கிறது. நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் ஒரு பெண்மணி இரண்டு சென்ட் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

சரி, வெள்ளைக்காரர் கதை போதும் என்கிறீர்களா? 1903ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் நின்றவர் வி.எஸ். அசரியா. வெள்ளைக்காரர் காசு வேண்டாம். ஆளும் நம் ஆள், காசும் நம் காசு, நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பிவைத்தார்கள். பனையேறிக் குடும்பங்களும் சின்னச் சம்பளக்காரர்களும் நிறைந்த சபைகள் அவை.

இன்னொன்று கேளுங்கள். வடகிழக்கு இந்தியாவில் மிசோராம். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைக்கிறார்கள். வாரா வாரம் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப்போவார்கள். சபை அதை விற்றுப் பணமாக்கி ஊழியத்துக்குக் கொடுக்கும். நூறு வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. பணம் இல்லாத வீட்டில்கூட அரிசி இருக்குமே!

அரிசி மூட்டைக்காக மதம் மாறினார்கள் என்று எழுதினோம் இல்லையா? அந்த மூட்டையில் இருந்த அரிசி இப்படிப் பிடி பிடியாகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அதை நாம் யோசித்ததே இல்லை.

இந்தக் கொடையில் நாம் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, அது சின்னது, ஆனால் நிற்காதது. வருஷத்துக்கு ஒருநாள் ஐந்நூறு வெள்ளி கொடுத்துப் பொன்னாடை வாங்கிக்கொள்வதில்லை. மாசா மாசம் பத்து வெள்ளி. அதை நம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் தொண்டில் இறங்கலாம். ஒருநாள் மழையை நம்பி யாரும் நெல் விதைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஆளைத் தெரிந்து கொடுக்கிறார்கள். ஊழியத்துக்குப் போனவர் படத்தைப் பல வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருப்பார்கள். அவர் பிள்ளைகள் பெயர்கூட அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஊருக்கு வந்தால் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மூன்றாவது, கணக்கும் கடிதமும். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களையும் அறிக்கைகளையும் 1710லிருந்தே ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சடித்தார்கள். காணிக்கை கொடுத்தவர்கள் அதைப் படித்தார்கள், படித்ததால் இன்னும் கொடுத்தார்கள். கொடுத்தவருக்குத் தன் காசு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். இது முந்நூறு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. கொடுக்கிறவரை அவர்கள் வெறும் பணப்பையாக நினைப்பதில்லை. இறங்குகிறவருக்கும் கயிறு பிடிக்கிறவருக்கும் அது ஒரே வேலை. லாரி ஓட்டுகிற அந்த அண்ணனும் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

நாம் கொடுக்காதவர்கள் இல்லை. அந்தப் பொய்யை யாரும் சொல்ல வேண்டாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நாம் கொட்டுகிற காசும் உழைப்பும் ஊருக்கே தெரியும். கும்பாபிஷேகம் என்றால் நகையைக் கழற்றிக் கொடுக்கிற அம்மாக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தேர் அன்றைக்கு வடத்தில் கை வைக்க இடம் கிடைக்காமல் சண்டையே வரும். ஆனால் நம் கொடை கல்லுக்கும் விளக்குக்கும் ஒருநாள் சாப்பாட்டுக்கும் போய் நின்றுவிடுகிறது. ஆளுக்குப் போவதில்லை.

போன திருவிழாவுக்கு முன்னால் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பெரிய எல்இடி திரை வாடகைக்கு ஐந்து நிமிஷத்தில் ஒப்புதல் கிடைத்தது. உபயகாரர் பெயர் திரையில் வரும் என்றதும் மூன்று பேர் கை தூக்கினார்கள். அடுத்து, சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது புத்தகம் வேண்டும் என்றோம். "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்." அடுத்த கூட்டத்திலும் அதே பதில்தான். வகுப்பு எடுக்கிற டீச்சர் மோட்டார் சைக்கிளில் இரண்டு தாமான் தாண்டி வருகிறார். வண்ணப் பென்சில்கூடத் தன் காசில் வாங்குகிறார். அவருக்கு பெட்ரோல் காசு கொடுக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நமக்குத் தோன்றவே இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. நாங்களும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவர்கள்தான்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

"அவங்க மதம் மாத்தத்தானே செய்றாங்க?" உண்மை, பலர் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். வீட்டில் இருக்கிற சாமி படத்தை எடுத்தால்தான் நோய் தீரும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களை முகத்துக்கு நேரே கண்டிப்போம், அதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்த நாற்காலி ஏழு வாரம் காலியாக இருந்ததற்கு யார் காரணம்? காலி நாற்காலியில் யாரோ ஒருத்தர் வந்து உட்காரத்தான் செய்வார்கள்.

"மதம் பரப்புறது நம்ம வழக்கம் இல்லையே." யாரையும் மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பிறந்தது முதல் நம்மோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு தேவாரம் சொல்லிக்கொடுக்க, படுத்துவிட்ட அடியாரைப் பார்த்துவர, சாவு வீட்டில் ஓதுவதற்கு ஒருவரை அனுப்பத்தான் கேட்கிறோம். இது மதம் பரப்புவது ஆகாது. வீட்டைப் பார்த்துக்கொள்வது.

"அன்னதானம் போடுறோமே." போடுவோம், நிறுத்த வேண்டாம். ஆனால் கோயிலுக்கு நடந்து வரக்கூடியவருக்குத்தான் அந்தச் சாப்பாடு. நடக்க முடியாத மாலைக்கார அம்மாவுக்கு எது?

"நம்ம ஜனங்க ஏழைங்க." இதைத்தான் எங்களால் ஒத்துக்கொள்ள முடியாது.

சர்ச்சில் ஏழை விதவை ஒருத்தி உண்டியலில் இரண்டு செப்புக்காசு போட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நம்மிடம் அதற்குக் குறைந்த கதையா இருக்கிறது? இளையான்குடி மாறனார் செல்வமெல்லாம் போன பிறகு, மழை கொட்டுகிற இராத்திரியில் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்றைக்குப் பகலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வந்து, கூரைக் கம்பை அறுத்து அடுப்பெரித்து, சோறு போட்டார். அறுபத்து மூவரில் அவரும் ஒருவர். குருபூசை அன்றைக்கு அவருக்கு மாலை போடுகிறோம். அவர் செய்ததைத்தான் செய்வதில்லை.

பிடி அரிசி மிசோராம்காரர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்றே ஒன்றை ஏற்படுத்தினார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு காசு. நமக்குத் தெரிந்த வழிதான் இது.

இந்த நாட்டிலேயே நம் பாட்டன் பாட்டி செய்து காட்டியிருக்கிறார்கள். 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காகச் சாதாரணத் தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்ததே இல்லை. 1960ல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். பங்கு 100 வெள்ளி, மாசம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டியவர்கள் கட்டினார்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்கள் கைமாறிப் போகாமல், அவர்களே தோட்டம் வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய காசு என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நாம், கையில் ஐபோனை வைத்துக்கொண்டு "நம்ம ஜனங்க ஏழைங்க" என்கிறோம்.

அதனால் புலம்பலை நிறுத்திவிட்டு நாங்கள் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்கியாகிவிட்டது.

எங்கள் குழுவில் ஆறு பேர் இந்த மாசத்திலிருந்து ஆளுக்கு மாசம் இருபது வெள்ளி போடுகிறோம். உங்களிடம் நாங்கள் கேட்பது பத்து வெள்ளி. அதுவும் முடியாத வீட்டில் ஒரு பால் டின் வைத்து, பிள்ளைகள் கையால் சில்லறை போடச் சொல்லுங்கள். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிற முகப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். இவ்வளவு தருகிறேன் என்று எழுதினால் போதும். திரையில் பெயர் வராது.

அந்தக் காசு இரண்டுக்குத்தான் போகும். ஒன்று, சமய வகுப்பு டீச்சருக்குப் பெட்ரோலும் பிள்ளைகளுக்குப் புத்தகமும். இன்னொன்று, வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கும் படுக்கையில் இருக்கிற அடியார் வீட்டுக்கும் போய்வருகிறவருக்கு வழிச்செலவு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வெள்ளியும் எங்கே போனது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய கடிதமும் அதில் இருக்கும். ஒரு வெள்ளி கணக்கு இடித்தாலும் எல்லார் முன்னாலும் எங்களைக் கேளுங்கள்.

காசு கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுங்கள். கார் இருந்தால் மாசம் ஒருதடவை ஓட்டி வாருங்கள். நேரமும் இல்லாதவர்கள், படுத்திருக்கிற அடியார் பெயரைச் சொல்லி வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏற்றி, அதை அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். போன ஞாயிறு நாங்கள் மாலைக்கார அம்மாவின் மகளைப் போய்ப் பார்த்தோம். திரும்பி வரச் சொல்லிக் கேட்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி கொடுத்தார். சுவரில் அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது, அவரே கட்டிய மாலை. கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டார். "அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இன்னிக்குக் கோயில்லேருந்து யாராச்சும் வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஏண்ணே யாருமே வரல?"

எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் கருத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அந்த நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

திருச்சிற்றம்பலம்.